பகலில் யார் இருப்பது?

வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார் என்று எம் முன்னோர் சொல்லி வைத்தனர். காணியை வாங்கிப் பார் என்று அவர்கள் சொல்லவில்லை. அக்காலத்தில் பெரும்பாலோர்க்குக் காணி பாட்டன் வழியில் வந்தது. அல்லது சீதனமாக வந்தது. இன்று நிலைமை அவ்வாறன்று. மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பம் ஒன்று, தலைநகரில் வாடகைக்கு இருந்துகொண்டு, தனக்கென ஒரு துண்டு நிலம் வேண்டுமென்று நினைக்கத் தொடங்கினால், அந்த நினைவு அதனை எங்கெங்கோ இழுத்துச் செல்லும். எம்மை அது புத்தளம் புகையிரதப் பாதை வழியே இழுத்துச் சென்றது. அந்த அலைச்சலில் நாம் கற்றவை எம்மைப் போன்ற பிறர்க்கும் பயன்படலாம் என்று கருதி இங்கே எழுதுகின்றோம்.

கொழும்பிலுள்ள கல்லூரி ஒன்றில் நாம் ஆசிரியத் தொழில் செய்து வருகின்றோம். வயது நாற்பத்தாறு. வெள்ளவத்தையில் இதுவரை மூன்று வாடகை வீடுகள் மாறிவிட்டோம். வீடு சிறுத்துக்கொண்டே வந்தது. வாடகை மட்டும் வளர்ந்துகொண்டே போயிற்று. வீட்டில் நால்வர். நாமும், மனைவியாரும், ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் மகளும், எழுபத்து நான்கு வயதான எம் தாயாரும். தாயாருக்கு யாழ்ப்பாணத்தில் சீதனமாக வந்த மூன்று பரப்புக் காணி உண்டு. அதில் நின்ற வீடு இன்று இல்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இரவோடிரவாகப் பெயர்ந்து சென்றபோது, வீட்டைப் பூட்டித் திறப்பை மடியிற் செருகிக்கொண்டு புறப்பட்டவர் அவர். பின்னர் சென்று பார்த்தபோது கதவும் இல்லை, கூரையும் இல்லை. கிணறு மட்டும் இருந்தது.

வெள்ளவத்தையில் ஒரு பேர்ச் நிலத்துக்குக் கேட்கும் விலையில் மாதம்பைப் பக்கத்தில் ஒரு வளவே வாங்கலாம் என்று நண்பர் ஒருவர் கூறினார். ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச் என்பதையும், யாழ்ப்பாணத்துப் பரப்பு ஒன்றுக்குப் பத்துப் பேர்ச் என்பதையும் மாணவர்கள் அறிவர். நாமும் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். தாளிலே எல்லாம் அழகாகத்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டை நிலையத்திற் புகையிரதம் ஏறினோம்.

றாகமையில் பிரதான பாதையை விட்டுப் பிரியும் இப்பாதை, 1909-ல் நீர்கொழும்பையும், 1916-ல் சிலாபத்தையும், 1926-ல் புத்தளத்தையும் அடைந்தது. கொழும்பிலிருந்து சிலாபம் ஏறத்தாழ 80 கிலோமீற்றர். புத்தளம் ஏறத்தாழ 130. கொச்சிக்கடையருகே மகா ஓயாவைக் கடந்தால் புத்தளம் மாவட்டம் தொடங்குகின்றது. அதன்பின் வாய்க்கால், லுணுவில, நாத்தாண்டியா, மாதம்பை என நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இரு பக்கமும் தென்னை. புத்தளம், குருநாகல், கம்பஹா மாவட்டங்களை இணைத்துத் தெங்கு முக்கோணம் என்பர். தெங்கு ஆராய்ச்சி நிலையம் 1929-ல் லுணுவிலவில் அமைந்ததும் அதனாலேயே. புகையிரதத்துக்கு முன்னர் இக்கரையோரத்துப் பண்டங்கள் ஒல்லாந்தர் கால வாய்க்கால் வழியே படகில் சென்றன. படகு போய்ப் புகையிரதம் வந்தது. இப்போது தென்னந்தோட்டங்கள் துண்டுகளாகி, ஒவ்வொரு துண்டின் முகப்பிலும் விற்பனைப் பலகை நிற்கின்றது.

நகரத்தில் உழைத்து, தண்டவாளத்தின் மறுமுனையில் மலிவான நிலம் தேடுவது எமக்கு மட்டும் உரிய தொல்லையன்று. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-ல் மின்சார இரயில் ஓடத் தொடங்கிய பின்னர் அப்பாதையோரத்து ஊர்கள் நகரோடு நெருங்கின. போர்த்துக்கல் நாட்டிலும் இதே கதைதான். தலைநகர் லிஸ்பனில் வீட்டு விலை எட்டாதவர்கள் ஆற்றின் தென்கரை ஊர்களில் வீடு தேடுகின்றனர். அவ்வாற்றின்மேல் 1966-ல் திறக்கப்பட்ட பாலத்தின் கீழ்த்தளத்தில் 1999 முதல் இரயில் ஓடுகின்றது. அதன் சேவை 2004-ல் செத்தூபல் நகர்வரை நீண்டது. ஒரு காலத்தில் எம் கரையைத் தேடிக் கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றல்களும் இன்று எம்மைப்போல் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிலையத்துக்கு ஓடுகின்றனர் என்பதை நினைக்கச் சற்று ஆறுதலாகவே இருந்தது.

அவர்களை நாம் மறக்கவும் முடியாது. யன்னல், மேசை, கதிரை, அலுமாரி, குசினி, நிலம் கிண்டும் அலவாங்கு, இவையெல்லாம் அவர்கள் மொழியிலிருந்து வந்த சொற்களே. சிலாபத்தை அடுத்த முன்னேசுவரம் கோயிலை 1578-ல் இடித்தவர்களும் அவர்களே. கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில், 1753-ல், அது மீண்டும் எழுந்தது. காணிகளையும் குடிகளையும் ஏட்டிற் பதிந்து வைக்கும் தோம்பு என்னும் முறையையும் சொல்லையும் தந்து சென்றவர்களும் அவர்கள்தாம். ஒல்லாந்தர் அதனைத் தொடர்ந்து விரிவாக எழுதினர். காணி வாங்கப் புறப்படுபவன் முதலில் பார்க்க வேண்டியது நிலத்தையன்று, ஏட்டை என்பதை அந்தச் சொல் எமக்கு முன்கூட்டியே உணர்த்தியிருக்க வேண்டும். நாமோ நிலத்தைத்தான் முதலிற் பார்த்தோம்.

மாதம்பைக்கு அப்பால் இருபது பேர்ச் நிலம். எட்டுத் தென்னைகள், ஒரு கிணறு. நிலையத்துக்கு ஐந்து நிமிடம் என்றார் தரகர். அந்த ஐந்து நிமிடம் மோட்டார் சைக்கிளுக்கு உரியது என்பதை, வெயிலில் முப்பத்தைந்து நிமிடம் நடந்த பின்னரே அறிந்தோம். ஆயினும் கிணற்று நீரைக் கையில் அள்ளிக் குடித்தபோது அந்த நடை மறந்து போயிற்று. அன்றைக்கே ஐம்பதினாயிரம் ரூபா முற்பணம் கொடுத்தோம். மாணவர்க்கு நிதானத்தைப் போதிக்கும் ஆசிரியர் ஒருவர் செய்த காரியம் இது.

பின்னரே நொத்தாரிசு ஒருவரிடம் சென்றோம். அவர் காணிப் பதிவகத்து ஏடுகளைத் தேடிப் பார்த்துவிட்டு, விற்பவருக்கு அந்த இருபது பேர்ச் சொந்தமன்று. ஒரு பெருந்தோட்டத்தின் பிரிக்கப்படாத பங்கு ஒன்றே சொந்தம் என்றார். அதன் பொருள் யாது? பல உடன்பிறப்புக்களுக்குப் பொதுவான ஒரு பானையில் ஒருவருக்கு ஒரு பங்கு சோறு உண்டு. ஆனால் எந்தப் பருக்கை அவருடையது என்று யாரும் வகுக்கவில்லை. அத்தகைய பங்கை விற்பதும் வாங்குவதும் சட்டவிரோதமல்ல. ஆனால் நாம் வேலி போட்டு வீடு கட்டிய இடத்தை, நாளை 1977-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்கு வந்தால், நீதிமன்றம் வேறொருவருக்கு ஒதுக்கவும் கூடும். மலிவின் இரகசியம் அங்கேதான் இருந்தது. முற்பணம் திரும்பி வரவில்லை. எமது அவசரத்துக்கு நாம் கட்டிய பாடக் கட்டணம் என்று அதனை எழுதிவிட்டோம்.

அன்று நொத்தாரிசு சொல்லித் தந்தவற்றைச் சுருக்கமாகக் குறிக்கின்றோம். இந்நாட்டில் காணி விற்பனை வாய்ச்சொல்லாலோ சாதாரணக் கடிதத்தாலோ செல்லாது. 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு உறுதி எழுதப்பட வேண்டும். எழுதியதும் அதனைப் பதிவகத்திற் பதிய வேண்டும். தாமதித்தால், பின்னர் எழுதி முன்னர்ப் பதிந்த ஒருவர் எம்மை முந்திவிட இடமுண்டு. உரிமம் பெற்ற நில அளவையாளரின் வரைபடத்தில் துண்டின் எல்லையும், வீதியிலிருந்து உள்ளே செல்லும் பாதையும் தெளிவாக இருக்க வேண்டும். முத்திரைத் தீர்வை முதல் ஓர் இலட்சத்துக்கு நூற்றுக்கு 3 ரூபாவும் மிகுதிக்கு நூற்றுக்கு 4 ரூபாவும் ஆகும்; அதனையும் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். கடற்கரைக் காற்றுக்கு ஆசைப்படுவோர், உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர்வரை கரையோர வலயம் என்பதையும், அங்கே கட்டடம் எழுப்பத் தனி அனுமதி வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

இவையெல்லாம் ஏட்டுக் கணக்கு. ஏட்டிலில்லாத கணக்கு ஒன்று எம் வீட்டிலேயே இருந்தது. பணத்துக்கு வழி யாது என்று பேச்சு வந்தபோது, யாழ்ப்பாணத்துக் காணியை விற்கலாம் என்னும் எண்ணம் எமக்கு எழுந்தது. அதனைத் தாயாரிடம் கேட்க மூன்று நாள் தயங்கினோம். நான்காம் நாள் இரவு கேட்டோம். அழுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் அழவில்லை, சினக்கவுமில்லை. சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு ஒன்றைக் கேட்டார்.

"தம்பி, நீ விடியமுன்னம் போயிடுவாய். அவளும் வேலைக்குப் போயிடுவாள். பிள்ளை பள்ளிக்கூடம். அந்த வீட்டிலை பகலிலை ஆர் இருக்கிறது?"

எமக்கு மறுமொழி இல்லை. நிலையத்திலிருந்து எத்தனை நிமிடம், பேர்ச் என்ன விலை, கடனுக்கு வட்டி என்ன என்று நாம் கேட்டவையெல்லாம் வீட்டைவிட்டுப் புறப்படுபவனின் கேள்விகள். அந்த வீட்டில் நாள் முழுவதும் இருக்கப்போகின்றவரை நாம் எதுவும் கேட்கவில்லை. மொழி அறியாத ஊரில், அயலவர் முகம் தெரியாத வளவில், காலை ஐந்து மணி முதல் மாலை ஏழு மணிவரை இருக்கப்போவது அவரே.

"இருந்து பார்ப்போம், அம்மா. பிறகு முடிவு செய்வோம்" என்றார் மனைவியார். அவ்வாறே கடந்த ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில், மாதம்பைக்கு அருகே இரண்டு அறைகளைப் பத்து நாட்களுக்கு வாடகைக்கு எடுத்தோம். அந்நாட்களில் கொழும்பில் எமக்கு நாடோறும் செல்லவேண்டிய பணி ஒன்றும் இருந்தது. ஆகவே எம் பயணத்தையும் தாயாரின் பகலையும் ஒருங்கே சோதிக்க வாய்ப்பாயிற்று.

பயணத்தின் கணக்கை முதலிற் சொல்வோம். படலையைத் தாண்டியது முதல் பணியிடத்தை அடையும்வரை ஏறத்தாழ மூன்று மணி நேரம். நீர்கொழும்புக்கு வடக்கே ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் வண்டிக்காக நிலையத்திற் காத்து நிற்கும் வேளைகளும் உண்டு. போக மூன்று, வர மூன்று. ஆண்டில் பாடசாலை நாட்கள் 200 என்று கொண்டால் 1,200 மணி நேரம். அதாவது 50 முழு நாட்கள். நாம் ஓய்வுபெற இன்னும் பதினான்கு ஆண்டுகள் உண்டு. பெருக்கினால் 700 நாட்கள். மலிவு விலையில் நாம் மிச்சம் பிடித்த பணத்தை, வாழ்நாளில் இரண்டு ஆண்டுகளாகத் திருப்பிச் செலுத்த வேண்டியிருந்தது. அப்பாதையில் நாள்தோறும் செல்லும் உத்தியோகத்தர் பலர், ஏறிய உடனே ஒருவரையொருவர் எழுப்பிவிடச் சொல்லிவைத்து உறங்குகின்றனர். அவர்களைக் கண்டு எமக்கு இரக்கமும் வந்தது, மதிப்பும் வந்தது.

தாயாரின் பகல் வேறுவிதமாகக் கழிந்தது. முதல் இரண்டு நாளும் அவர் அறையைவிட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் மாலை நாம் திரும்பியபோது, பக்கத்து வளவு மதிலருகே வயதான அம்மையார் ஒருவரோடு பேசிக்கொண்டு நின்றார். கழுத்திலே செபமாலை அணிந்த கத்தோலிக்க அம்மையார். இருவரும் தமிழிலே பேசினர்! அவருடைய தமிழ் எம்முடையதன்று. அதன் ஓசையும் வேறு, சொற்களின் முடிவும் வேறு. நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையுள்ள கரையோரக் கத்தோலிக்க ஊர்கள் பலவற்றில் ஒரு காலத்தில் தமிழே வீட்டுமொழியாக இருந்தது. பள்ளிக்கூட மொழி சிங்களமான பின்னர், வீட்டுமொழியும் மெல்ல மாறிற்று. அந்த அம்மையாரின் பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்கும், பேரப்பிள்ளைகளுக்கு விளங்காது. தம் தாயாரோடு பேசிய மொழியில் மறுபடி பேசுவதற்கு ஓர் ஆள் கிடைத்தாரே என்று அவர் மகிழ்ந்தாராம். பத்தாம் நாள் புறப்படும்போது, "அக்கா, எப்ப வாறீங்கள்?" என்று எம் தாயாரே அவரிடம் கேட்டார். வரவேண்டியவர் தாம் என்பதை மறந்து கேட்ட கேள்வி அது!

இந்தச் செய்தி எமக்கு மகிழ்ச்சியையும் அச்சத்தையும் ஒன்றாகத் தந்தது. கற்பிட்டியிற் பிறந்து, 1834-ல் இலங்கை நாட்டின் இடவிவரங்களை நூலாகத் தொகுத்தவரும், 1859-ல் தமிழ்ப் புலவர் வரலாற்றை எழுதியவருமான சைமன் காசிச்செட்டி இந்தக் கரையின் மைந்தர். உடப்பில் இன்றும் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு நடைபெறுகின்றது. முன்னேசுவரத்தின் ஆவணித் திருவிழாவுக்குச் சிங்கள மக்களும் தமிழ் மக்களும் சேர்ந்தே வருகின்றனர். எனினும், மொழி ஊரில் இருந்தால் மட்டும் போதாது, பள்ளிக்கூடத்திலும் இருக்கவேண்டும். எமது மகளின் பிள்ளைகள் நாளை எம்மோடு எம்மொழியிற் பேசுவார்களா? காணி தேடும் தமிழ்க் குடும்பங்கள் கிணற்றையும் உறுதியையும் பார்ப்பதோடு, தமிழ்மொழி மூலப் பாடசாலை எட்டும் தூரத்தில் உண்டா என்பதையும் பார்க்கவேண்டும் என்பது எம் துணிபு.

அந்த ஆண்டு, 2025 நவம்பர் இறுதியில், 'தித்வா' புயலும் வெள்ளமும் நாட்டை உலுக்கின. புத்தளம் மாவட்டமும் பெரிதும் அல்லலுற்றது. நாட்டின் புகையிரதப் பாதைகள் பலவும் சேதமுற்றன. வெள்ளம் வடிந்த பின்னர், நாம் முற்பணம் இழந்த அந்த நிலத்தைச் சென்று பார்த்தோம். தென்னைகளில் எம் இடுப்பளவுக்குச் சேற்றுக்கோடு இருந்தது. நாம் அள்ளிக் குடித்த கிணற்று நீர் கலங்கிக் கிடந்தது. உறுதி செவ்வையாக இருந்திருந்தால் அந்நிலத்தை வாங்கியிருப்போம்; வாங்கியிருந்தால் எம் தாயார் அவ்வெள்ளத்தில் தனித்து நின்றிருப்பார். ஐம்பதினாயிரம் ரூபாவுக்காக அன்றோடு வருந்துவதை விட்டோம். காணி வாங்குவோர் ஒரு முறையேனும் மழைக்காலத்திற் சென்று பார்க்கட்டும். வெள்ளம் எதுவரை வந்தது என்பதைத் தரகரைக் கேளாது அயலவரைக் கேட்கட்டும்.

பின்னர் எமது கணக்கை மாற்றிப் போட்டோம். தண்டவாளம் கொழும்புக்கு மட்டும் போவதன்று; நீர்கொழும்புக்கும் போகின்றது. அங்கே தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் இந்து மத்திய கல்லூரி உண்டு. லுணுவிலவிலிருந்து அது எட்டும் தூரம். மகள் சாதாரண தரப் பரீட்சையை முடிக்கும்வரை வெள்ளவத்தையில் இருப்பது. அதற்குள் நீர்கொழும்புப் பக்கத்துக்கு இடமாற்றம் கேட்பது. கிடையாதாயின் குடிபோவதைத் தள்ளி வைப்பது என்று முடிவு செய்தோம். விண்ணப்பம் அனுப்பியிருக்கின்றோம். மறுமொழி இன்னும் வரவில்லை.

நிலம் கிடைத்தது. லுணுவில நிலையத்துக்கு எட்டு நிமிட நடை. இம்முறை நாமே நடந்து எண்ணிய நிமிடங்கள். மேட்டு நிலம். பன்னிரண்டு பேர்ச் மட்டுமே. பக்கத்து வென்னப்புவவில் இத்தாலி நாட்டுக்குச் சென்று உழைத்தோர் எழுப்பிய மாடி வீடுகளுக்கு நடுவே நின்று பார்த்தால், எம் துண்டு ஒரு முற்றத்தளவே தோன்றும். பேர்ச் விலை முன்னையதைவிட அதிகம். ஆனால் உறுதி தெளிவு, எல்லை தெளிவு, நீரும் நன்று.

பணத்தின் ஒரு பகுதி வங்கிக் கடன். ஒரு பகுதி மனைவியாரின் நகை. மிகுதியை, நாம் மறுபடி கேளாமலே, தாயாரே தந்தார். மூன்று பரப்பில் ஒன்றை விற்கச் சொன்னார். தேசவழமைச் சட்டப்படி வாரிசுகளுக்கும் பங்காளருக்கும் முன்னுரிமை உண்டாதலால், முதலிற் சொந்தக்காரரிடமே கேட்டோம். அவர்களில் ஒருவரே வாங்கிக்கொண்டார். கிணறு உள்ள இரண்டு பரப்பையும் தாயார் வைத்துக்கொண்டார். "அது கிடக்கட்டும்" என்றார். வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

மலிவான ஊர் என்று ஒன்றைத் தேடுவோருக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். விலையை உறுதியில் எழுதுவார்கள். அதற்கு மேலான விலையை, பயணம் செய்பவர் தம் நேரத்தாலும் வீட்டில் இருப்பவர் தம் தனிமையாலும் கட்டுகின்றனர். ஆகவே கையொப்பமிடுமுன் அந்த இருவரையும் கேட்டுக்கொள்ளுங்கள். பகலிலே அங்கு இருக்கப்போகின்றவரை முதலிற் கேளுங்கள்.

உறுதி எழுதிய நாளில், பதிவு முடிந்ததும் எல்லோரும் நிலத்தைப் பார்க்கச் சென்றோம். பிற்பகல் இரண்டு மணி. மனைவியார் குசினி எங்கே என்றும் நாம் படலை எங்கே என்றும் பேசிக்கொண்டு நின்றோம். தாயார் எம்மைக் கவனியாது, சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, நிலத்தின் நாற்புறமும் மெல்ல நடந்தார். கிழக்கு மூலையில் இரு தென்னைகளின் நிழல் விழுந்த இடத்தில் நின்றார். அந்த நேரத்தில் நாமிருவரும் நாடோறும் வேறெங்கோ இருப்போம்.

"விறாந்தை இதிலை வரட்டும்" என்றார்.

அளவையாளரின் வரைபடத்தில் அந்த மூலையைப் பென்சிலாற் குறித்துக்கொண்டோம்.